ஒன்பதாவது அத்தியாயம் ஏன் நின்றது?
நாவல் எழுதும் முறை பற்றிச் சில குறிப்புகள்

எம்மில் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் அதில் ஒருவராவது ஒரு நாவலைத் தொடங்கி வைத்திருப்பார். அது எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டால் மற்றவர்களும் தத்தமது நாவல்களின் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். ஒருவருடையது 40 பக்கத்தில் நின்றிருக்கும். இன்னொருவருடையது மூன்றாம் அத்தியாயத்தில் நின்றிருக்கும். வேறொருவருடையது கொம்பியூட்டர் பழுதானதோடு நின்றிருக்கும். காரணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: நேரமில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு நண்பர் வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோது நானும் அதையே சொன்னேன். ரயிலில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது பொய் என்று பட்டது. ஊரில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் எனக்கு நேரம் இருந்தது. நீண்ட விடுமுறைகள் இருந்தன. வகுப்புகள் நடக்காத மாதங்கள் இருந்தன. மின்சாரமில்லாத, வெளியே போகமுடியாத மாலைகள் இருந்தன. அப்போதும் நான் நாவல் எழுதவில்லை. 'சூழ்நிலை சரியில்லை' என்று சொல்லிக்கொண்டேன். ஜேர்மனிக்கு வந்த பின்னர் அந்தச் சூழ்நிலையின் இடத்தைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நாவலை மறுபடியும் எழுதி வருகிறேன். 17 அத்தியாயங்கள் முடிந்துள்ளன. முடிக்காத ஒருவன் முறை பற்றி எழுதலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் முடித்தவர்கள் தாம் எங்கே நின்றோம் என்பதை இலகுவில் மறந்துவிடுகிறார்கள். நான் இன்னும் மறக்கவில்லை. இக்கட்டுரையில் நான் சொல்ல முனைவது இதுதான்: ஒரு நாவல் நின்றுபோவதற்கு வெவ்வேறு காரணங்கள் உண்டு, நாம் அவை எல்லாவற்றையும் சோர்வு என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுகிறோம். மருந்து பலிக்காதபோது ஊக்கம் போய்விட்டது என்கிறோம்.

1. மணிக்கூடும் குதிரைக்காரரும்

எழுத்து ஒழுங்கு பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் ஒருவர் ஆங்கில நாவலாசிரியர் அன்ரனி ட்ரொலப். 1834 முதல் 1867 வரை பிரித்தானியத் தபால் திணைக்களத்தில் வேலை செய்தவர். காலை 5.30 மணிக்கு மேசையில் இருப்பார். முதல் அரைமணி நேரம் முந்திய நாள் எழுதியதை வாசிப்பார். பின்னர் மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். எத்தனை பக்கம் முடிந்தது என்று நாட்குறிப்பில் பதிவார். இவ்வாறு 47 நாவல்களை எழுதினார். அவர் 1882 இல் இறந்தார். மறுவருடம் வெளிவந்த சுயசரிதையில் இந்தக் கணக்கெல்லாம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இதே சுயசரிதையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. எழுத்து ஒழுங்கு பற்றிப் பேசுபவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ட்ரொலப்பை அதிகாலையில் எழுப்பிக் கோப்பி கொடுப்பது அவரது குதிரைகளைப் பார்க்கும் வயதான ஊழியர். அதற்காக அவருக்கு வருடத்துக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுக்கப்பட்டது. தனது வெற்றியில் அந்த மனிதருக்குப் பெரும் பங்குண்டு என்பதை ட்ரொலப் மறைக்கவில்லை. ஆனால் அந்த முதியவரை அதற்கும் முன்னதாக எழுப்பியது யார்?

இந்தக் கேள்வியை நான் ட்ரொலப்பைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. என் வீட்டைப் பார்த்துத்தான் கேட்கிறேன். நான் முதன்முதல் 'ஒழுங்காக' எழுதத் தொடங்கியபோது, ஒழுங்கு என்பது எனது மனைவி குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளை அமைதியாக இருக்கச் செய்வதாகத்தான் இருந்தது. அவரும் அதிகாலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போகிறவர். ஆறு மாதத்தில் அந்த ஒழுங்கு உடைந்தது. உடைந்தது நியாயம் என்றே கருதுகிறேன். மற்றவருடைய உழைப்பைக் கணக்கில் எடுக்காத எழுத்துமுறை எம்மைப் போன்ற வீடுகளில் நிலைக்காது. அமெரிக்க எழுத்தாளர் ரொனி மொறிசன் 1970 இல் வெளியான தனது முதல் நாவலை எழுதிய காலத்தில் பதிப்பக வேலையும் இரண்டு சிறு பிள்ளைகளும் அவரிடம் இருந்தன. விடியுமுன் எழுந்துதான் எழுதினார். கோப்பி கொண்டுவர எவருமில்லை. எமக்கு உதாரணம் வேண்டுமானால் அவரிடம்தான் தேடவேண்டும்.

2. மூன்று கிழமைச் சுற்று

'தினமும் ஒரே நேரத்தில் எழுது' என்பது பகல் வேலை செய்பவர்களுக்கான புத்திமதி. நான் வேலை செய்யும் பிளாஸ்ரிக் மூடித் தொழிற்சாலையில் வேலைநேரம் கிழமைக்குக் கிழமை மாறும். ஒரு கிழமை காலை 6 மணி முதல் 2 மணி வரை. மறுகிழமை 2 மணி முதல் இரவு 10 மணி வரை. மூன்றாவது கிழமை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஒரே நேரம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. இதை ஒரு குறையாகவே நீண்டகாலம் நினைத்திருந்தேன். பின்னர் மூன்று கிழமைகளையும் மூன்று வகை வேலைக்கு ஒதுக்கிப் பார்த்தேன்.

பிற்பகல் வேலைக் கிழமையில் காலையில் வீடு வெறுமையாக இருக்கும், உடம்பும் ஆறியிருக்கும். புதிய பக்கங்கள் அந்தக் கிழமையில் மட்டும் எழுதுவது. காலை வேலைக் கிழமையில் மாலையில் மூளை மந்தமாக இருக்கும், ஆனால் கண் விழித்திருக்கும். எழுதியதைப் பார்த்தெழுதுவதும் வெட்டுவதும் அப்போது. இரவு வேலைக் கிழமையில் எதையும் எழுத முனைவதில்லை. 30 நிமிட இடைவேளையில் சட்டைப்பைக் கொப்பியில் குறிப்பு மட்டும். ஒரு முகம், ஒரு சாமான், ஒரு பேச்சு. இயந்திரத்திலும் வித்தியாசம் உண்டு. மூடிகளில் பழுது பார்க்கும் இடத்தில் நின்றால் கண்ணும் மனமும் அங்கேதான் இருக்கவேண்டும். பெட்டி அடுக்கும் இடத்தில் நின்றால் கை தன்பாட்டில் வேலை செய்யும். ஒரு வசனத்தை இருபது தரம் மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம். வாய்க்கு வராத வசனம் அங்கேயே விழுந்துவிடும்.

அளவு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மேலைத்தேய எழுத்தாளர்கள் நாளொன்றுக்கு இத்தனை சொற்கள் என்று கணக்கு வைக்கிறார்கள். தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பது ஒரு சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொற்கள் வேண்டும். அவர்களுடைய எண்ணிக்கையை எமக்கு அளவாக வைத்தால் தினமும் தோற்றுப்போனதாகவே தோன்றும். நான் கொப்பிப் பக்கத்தைத்தான் எண்ணுகிறேன். வேலைநாள் ஒன்றுக்கு அரைப்பக்கம். ஆனால் புதிதாக எழுதுவது மூன்றில் ஒரு கிழமை மட்டும். வருடத்தில் 15 கிழமைகள், கிழமைக்கு 5 நாட்கள் என்றால் 75 அரைப்பக்கங்கள், அதாவது 38 பக்கங்கள்கூட இல்லை. இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபோது முதலில் பயந்தேன். இந்த வேகத்தில் நாவல் முடிய ஆறு வருடம் செல்லும். ஆனால் இதற்கு முந்திய ஆறு வருடத்தில் நான் எழுதியது 40 பக்கம். பயம் போய்விட்டது.

சோர்வு என்று உண்மையிலேயே சொல்லக்கூடியதற்கு இவ்வளவும் போதும். உடம்பு களைத்தால் அளவைக் குறைக்கவேண்டும். விடக்கூடாது.

3. படிப்பித்தவன் என்ற தடை

முதலில் நின்ற அந்த 40 பக்கத்தைப் பின்னர் எடுத்து வாசித்தேன். அது நாவல் அல்ல, விரிவுரை. ஒரு கிழவி கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது நிலவுடைமை பற்றி நான் இரண்டு பக்கம் விளக்கியிருந்தேன். இரண்டு இளைஞர்கள் தேசிய இனப்பிரச்சினை பற்றிப் பேசினார்கள். இரண்டு பேரும் என்னைப் போலவே பேசினார்கள். அதை மேலும் எழுத முடியாமற் போனதில் வியப்பில்லை. எழுதுகிறவனுக்கே முடிவு தெரிந்த வாதத்தில் அவனைக் கொண்டுபோகும் விசை எதுவும் இருக்காது.

வாதத்தை அடக்க முயன்றேன், முடியவில்லை. இருபது வருடப் பழக்கம் அது. பின்னர் அதற்கென்று வேறொரு கொப்பி வாங்கினேன். நாவல் எழுதும்போது விளக்கவேண்டும் என்ற உந்துதல் வந்தால் பேனையை வைத்துவிட்டு அந்தக் கொப்பியில் எழுதுவேன். சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த திருப்தி வந்துவிடும். கிழவி தண்ணீர் அள்ளிக்கொண்டு போவாள். இன்று அந்த வாதக் கொப்பி நாவலைவிடத் தடிப்பாக இருக்கிறது. இக்கட்டுரையின் சில பகுதிகளும் அதிலிருந்து வந்தவைதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கத்தையும் விட்டேன்: எழுதப்போவதைப் பற்றிப் பேசுவது. எமது கூட்டங்களில் எழுதப்படாத நாவல்களுக்கு நல்ல மரியாதை உண்டு. அதை அனுபவித்துவிட்டால் பிறகு எழுதுவதற்கு என்ன தேவை மிஞ்சுகிறது?

4. நடந்த சனமும் நின்ற சனமும்

எனது நாவலின் நடுவே 1995 ஒக்ரோபர் 30 வருகிறது. வலிகாமத்தில் இருந்த சனம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட நாள். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அந்த வீதியை நாம் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம். அந்த அத்தியாயத்தை நான் ஐந்து தரம் எழுதினேன். ஐந்து தரமும் செத்துக் கிடந்தது. ஊக்கம் குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். கதை, நாவல் எதுவும் வாசிப்பவரல்ல. ஒருநாள் இடைவேளையில் அவருக்கு அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்கள் எல்லாரையும் நடக்க விட்டிருக்கிறியள். அண்டைக்கு ஆர் நடந்தது? நிண்டதுதான். ஒரு அடி வைச்சால் பிறகு அரை மணித்தியாலம் நிக்கவேணும். மழை பெய்தது. குடையை விரிச்சு மல்லாத்திப் பிடிச்சு அந்தத் தண்ணியைத்தான் பிள்ளையளுக்குக் குடுத்தனான்."

அந்த இரவில் நான் கொழும்பில் இருந்தேன். பத்திரிகையில் வாசித்ததையும் படத்தில் பார்த்ததையும் வைத்துக்கொண்டு சனத்தை நடக்கவைத்திருந்தேன். ஐந்து தரமும் அத்தியாயம் செத்துக் கிடந்ததற்குச் சோர்வு காரணமல்ல, எனக்கு அது தெரியாமல் இருந்ததுதான். இதற்கு மணிக்கூடு உதவாது. கேட்கவேண்டும். எம்மைச் சுற்றி வேலைத்தலங்களிலும் கடைகளிலும் நிற்கும் மனிதர்கள் எம்மைவிட அதிகம் அறிந்தவர்கள் என்பதை ஒத்துக்கொள்வது படித்தவனுக்குக் கஷ்டமான காரியம். ஆறாவது தரம் எழுதியபோது சனம் நின்றது. அத்தியாயம் நகர்ந்தது.

5. படலை

இவை எல்லாவற்றுக்கும் முன்னரே ஒன்பதாவது அத்தியாயத்தில் நாவல் எட்டு மாதம் நின்றது. அப்போது என்னிடம் முறை இருந்தது. மூன்று கிழமைச் சுற்று ஒழுங்காக நடந்தது. நான் தினமும் மேசைக்குப் போனேன். ஆனால் ஒன்றாம் அத்தியாயத்தைத் திருத்தினேன். பின்னர் இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தினேன். அரைப்பக்கக் கணக்கும் பிழைக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் கடுமையாக உழைக்கும் எழுத்தாளன்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் வரவேண்டியது இது. 1994 இல் நான் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், எனது வகுப்பில் இருந்த ஒரு மாணவனை எம்மவரே விசாரணைக்கென்று அழைத்துச் சென்றார்கள். இரண்டு நாட்களின் பின்னர் அவனுடைய தாய் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். நான் ஒரு வார்த்தை பேசினால் ஏதும் நடக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும். அண்ணா வீட்டில் இல்லை என்று சொல்லும்படி தங்கச்சியை அனுப்பினேன். எனது சைக்கிள் முற்றத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்திருப்பாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அந்த மாணவன் திரும்பி வரவில்லை. சில மாதங்களில் நான் கொழும்புக்கு வந்துவிட்டேன்.

நாவலில் இச்சம்பவத்தை நான் மூன்று விதமாக எழுதியிருந்தேன். ஒன்றில் விரிவுரையாளர் வெளியே வந்து தாயுடன் பேசுகிறார். மற்றதில் அவர் உண்மையிலேயே வீட்டில் இல்லை. மூன்றாவதில் அந்தக் காலத்தின் பயங்கரம் பற்றி ஒரு பக்க விளக்கம் வருகிறது. மூன்றையும் வாசித்தால் எழுதியவன் எதிலிருந்து ஓடுகிறான் என்பது எவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் எட்டு மாதம் தெரியவில்லை. ஊக்கமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கே எனக்கு உதவியவர் இத்தாலிய எழுத்தாளர் பிரைமோ லெவி. ஓஷ்விற்ஸ் முகாமில் இருந்து தப்பி 1945 ஒக்ரோபரில் ஊர் திரும்பிய இரசாயனவியலாளர் அவர். 1946 இல் ரூரின் நகருக்கு அருகே ஒரு வர்ணத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே தனது முகாம் அனுபவ நூலை எழுதினார். அது நாவல் அல்ல, ஆனால் எமக்கு வேண்டிய பாடம் அதில் உண்டு. அவர் அதை வரிசைப்படி எழுதவில்லை. எது தன்னை அதிகம் நெருக்கியதோ அதை முதலில் எழுதினார். நூலின் கடைசி அத்தியாயம்தான் அவர் முதலில் எழுதியது. காஃப்காவும் பகலில் பிராக் நகரத்து விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு இரவில் எழுதியவர். 1914 இல் 'விசாரணை' நாவலைத் தொடங்கியபோது முதல் அத்தியாயத்தோடு இறுதி அத்தியாயத்தையும் எழுதிவைத்தார். அப்படியும் அதை முடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எந்த முறைக்கும் உத்தரவாதம் கிடையாது.

நான் செய்தது இதுதான். நாவலை மூடிவைத்துவிட்டு, வாதக் கொப்பியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். நான் என்ற பெயரில், அலங்காரம் இல்லாமல், யாருக்கும் காட்டுவதில்லை என்ற தீர்மானத்தோடு. இரண்டு பக்கம் வந்தது. அதன் பின்னர் நாவலில் அக்காட்சியைப் படலைக்கு வெளியே நின்று எழுதினேன், அந்தத் தாயின் பக்கத்திலிருந்து. உள்ளே இருப்பவன் என்ன நினைக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிவதெல்லாம் முற்றத்தில் நிற்கும் சைக்கிள் மட்டும்தான். விளக்கத்துக்கோ மன்னிப்புக்கோ அதில் இடமிருக்கவில்லை. எட்டு மாதம் நின்ற அத்தியாயம் நாலு நாளில் முடிந்தது.

முறை என்பதன் மிகப் பெரிய ஆபத்தையும் அப்போதுதான் கண்டேன். உடம்பின் சோர்வுக்கு ஒழுங்கு மருந்து. பயத்துக்கு ஒழுங்கு ஒளிவிடம். ஒருவன் தினமும் ஒழுங்காக மேசைக்குப் போய், எழுதவேண்டியதை எழுதாமலே வருடங்களைக் கழிக்கலாம். ஆகவே நாவல் இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் இப்போது என்னிடம் நான் கேட்பது இதைத்தான்: உடம்பா, தெரியாமையா, பயமா? உடம்பென்றால் அளவைக் குறைக்கிறேன். தெரியாமையென்றால் போய்க் கேட்கிறேன். பயமென்றால் மற்றதெல்லாவற்றையும் விட்டு அதை முதலில் எழுதுகிறேன். எமது அரைகுறை நாவல்களில் எத்தனை இந்த மூன்றாவது காரணத்தால் நிற்கின்றன என்பதை அவற்றை வைத்திருப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

6. இரண்டு ஆட்சேபங்கள்

நண்பர் ஒருவர் கேட்டார்: பக்கத்தை எண்ணுவதும் மணிக்கூடு பார்ப்பதும் தொழிற்சாலை ஒழுங்கைக் கலைக்குள் கொண்டுவருவதில்லையா? முதலாளி மூடியை எண்ணுகிறான், நீ பக்கத்தை எண்ணுகிறாய். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தொழிற்சாலையில் நான் எண்ணும் மூடி என்னுடையதல்ல, பழுதென்று வீசினால் கணக்குக் குறையும். எனது கொப்பியில் அரைப்பக்கம் வெட்டிய நாளும் அரைப்பக்கம் எழுதிய நாள்தான். எதை வைத்திருப்பது என்று தீர்மானிப்பவன் நான். ஒரு நாளில் அவ்வாறு தீர்மானிக்கக் கிடைக்கும் நேரம் எனக்கு வேறில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. வாசிக்க யாருமில்லாத நாவலுக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? சில நூறு பிரதிகள், அதிலும் பாதி நண்பர்களுக்கு. ப. சிங்காரம் மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு 'புயலிலே ஒரு தோணி'யை எழுதினார். எழுதி முடித்துப் பல வருடங்களின் பின்னர், 1972 இல்தான் அது வெளிவந்தது. அவர் 1997 வரை வாழ்ந்தார். மூன்றாவது நாவல் வரவில்லை. லெவியின் நூல் 1947 இல் 2,500 பிரதிகளோடு ஒரு சிறு பதிப்பகத்தில் வந்தது. பெரிய பதிப்பகம் 1958 இல்தான் எடுத்துக்கொண்டது. வாசகர் வருவார் என்ற நம்பிக்கையில் எழுதினால் இந்த வரலாறுகள் எம்மைச் சோர்வடையச் செய்யும்.

எனக்கு இதற்குப் பொதுவான பதில் இல்லை. எனது பதில் மட்டும்தான் உண்டு. அந்தத் தாய் இன்று உயிரோடு இருக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது. இருந்தாலும் நாவல் வாசிக்கும் பெண்ணல்ல. ஆனால் அன்று அவள் கேட்க வந்ததற்கு என்னிடமிருந்து பதில் போகவில்லை. முப்பது வருடம் பிந்திய இந்தப் பக்கங்கள் அந்தப் பதில் ஆகிவிடாது. பிந்தியாவது படலை வரைக்கும் வரவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊக்கம் என்ற சொல் இதற்குப் பொருந்துமோ தெரியவில்லை. கடன் என்பது இன்னும் சரியாக இருக்கலாம்.

இன்னும் ஐந்து அத்தியாயங்கள் வரை இருக்கின்றன. வருகிற கிழமை இரவு வேலை, ஆகவே குறிப்பு மட்டும். தமது நாவல்களை நிறுத்தி வைத்திருக்கும் நண்பர்கள் அவை எங்கே, எந்தப் பக்கத்தில் நின்றன என்பதை இதே பக்கங்களில் எழுதினால் அது பயனுள்ள விவாதமாக இருக்கும். நேரமில்லை என்ற பதிலை மட்டும் இம்முறை விட்டுவிடுவோம்.